அரை நிழலும் இருபத்திரண்டு தொட்டிகளும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது ஒரு தலைப்பில் கொஞ்ச நேரம் பேசணும்" என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் பாலம் கட்டியதைச் சொன்னார்கள், கம்பெனி தொடங்கியதைச் சொன்னார்கள். நான், "பாதி நிழல் விழுகிற சிமெண்ட் தளத்தில் தொட்டியில் செடி வளர்ப்பதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி வெச்சுக்கலாம். கீரைன்னு சொன்னா எல்லாருக்கும் பசி வரும்" என்றார். ஆகவே உங்களுக்கும் பந்திக்கும் நடுவில் நிற்பவன் நான்தான் என்பதை உணர்ந்தே பேசுகிறேன்.

என் சொந்த ஊர் நைனார்பாளையம். சின்னசேலத்தை அடுத்த ஊர். நான் விடுதியில் இருந்த நாளில் யாராவது ஊர் கேட்டால் "விழுப்புரம் மாவட்டம்" என்பேன். 2019 நவம்பர் 26 முதல் அது கள்ளக்குறிச்சி மாவட்டம். எங்கள் பக்கம் மானாவாரிப் பூமியைக் கொல்லை என்போம். மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, கிணறு கைகொடுத்தால் கரும்பு, மஞ்சள். எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் கொல்லை இருந்தது. இருந்தது என்று ஏன் சொல்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு அறிவித்தபோது, சென்னையிலிருந்து மனைவி, மகளோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். நான் பார்ப்பது கட்டட வடிவமைப்பு வேலை. கணினியும் இணைப்பும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். வீட்டில் அம்மா மட்டும். அப்பா 2016-ல் தவறிவிட்டார். அம்மாவுக்கு அதற்கு முந்தைய வருஷம்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கீழே உட்காரக் கூடாது, குனியக் கூடாது. நாற்பது வருஷம் களை எடுத்த கை சும்மா கிடந்தது. காலையில் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். மத்தியானம் அதே நாற்காலி, சாயந்திரமும் அதே நாற்காலி. வாரம் ஒரு நாள் போனில் பேசும்போது இதெல்லாம் நமக்குத் தெரியாது. கூட இருந்தால்தான் தெரியும்.

மே மாதம் கோயம்பேட்டில் தொற்று பரவி, 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளிகள் மூலம் எங்கள் பக்கத்து மாவட்டங்களிலும் தொற்று ஏறியது. காய்கறி வண்டி வருவது நின்று நின்று வந்தது. கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வழியில்லை. அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. பின்கட்டில் 18 அடிக்கு 12 அடி சிமெண்ட் தளம் வெறுமனே கிடக்கிறதே, அதில் தொட்டி வைத்தால் என்ன?

அம்மாவிடம் சொன்னேன். "தொட்டியில வெள்ளாமையா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நண்பர்களே, முதல் முயற்சியில் நான் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் அதே தவறுகளைச் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் தவறு மண். ஊரடங்கில் எந்தக் கடையும் இல்லை. உறவினர் கொல்லையிலிருந்து செம்மண் கொண்டுவந்து சிமெண்ட் சாக்குகளில் வாய் வரை நிரப்பினேன். நிலத்தில் நன்றாக விளைகிற மண் தொட்டியில் ஏன் விளையாது என்பது என் நினைப்பு. பத்து நாளில் மேலே பாறை மாதிரி இறுகிவிட்டது. அடியில் சேறு. காரணம் நமக்குத் தெரிந்த விஷயம்தான். நிலத்தில் ஊற்றும் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும். தொட்டிக்கு அடி இருக்கிறது. ஓட்டை போட்டாலும் கடைசிச் சில அங்குல மண் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் எவ்வளவு நைஸாக இருக்கிறதோ, அந்த ஈரப் பகுதியின் உயரம் அவ்வளவு அதிகம். வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். நிழலில் இருக்கிற தொட்டி காயவும் காயாது, ஆகவே அங்கே இந்தத் தொல்லை இரட்டிப்பு.

இதற்கு மருந்து கலவை. மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. நார்க்கழிவைக் கடையில் கோகோபீட் என்று கட்டியாக விற்கிறார்கள். 5 கிலோ கட்டியை நீரில் ஊற வைத்தால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் நல்லது. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டம் தொடங்கியபோது, மானிய விலையில் பையும் நார்க்கழிவும் விதையும் உயிர் உரமும் சேர்த்துத் தந்தது. அந்தத் தொகுப்பில் நார்க்கழிவுக்கு ஏன் இடம் கிடைத்தது என்பது எனக்கு என் சாக்குகள் இறுகிப் போன பிறகுதான் விளங்கியது.

இரண்டாவது தவறு பாத்திரம். மண் நிரப்பிய சிமெண்ட் சாக்கை நனைத்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. அதனால் என்ன, செடி என்ன நடக்கவா போகிறது என்று நினைத்தேன். நடக்கத்தான் வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது. இப்போது நாங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 20 லிட்டர் பெயின்ட் வாளி. தண்ணீரில் கரையும் பெயின்ட் வந்த வாளியாக இருக்க வேண்டும், தின்னர் வாடை அடிக்கிற டப்பா வேண்டாம். நன்றாகக் கழுவி, அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு ஓட்டை. கீரைக்கு ஆழம் வேண்டாம், ஆறு அங்குல உயரமுள்ள பழைய டப் போதும். தொட்டிக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்குங்கள், ஓட்டை அடையாது. அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் தினம் கொட்டிவிடுங்கள்.

மூன்றாவது தவறுதான் பெரியது. அது வெயில் சம்பந்தப்பட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

எங்கள் பின்கட்டுக்கு வடக்கே எங்கள் வீடு, கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 13 அடி உயரம். தெற்கே பக்கத்து வீட்டார் எழுப்பிய 10 அடி மதில். மேற்கே ஒரு வேப்பமரம். கிழக்கு மட்டும் திறந்த சந்து. காலையில் வெயில் வரும், மத்தியானம் ஒரு மணிக்கு மேல் வேப்பமரம் அதை வாங்கிக்கொள்ளும். பூரண வெயிலும் இல்லை, பூரண நிழலும் இல்லை. உங்களில் பலர் குடியிருக்கும் அடுக்குமாடி பால்கனியும் இதே ரகம்தான்.

நான் பொறியாளன் அல்லவா, அளக்காமல் தொடங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மே மாதம் ஒரு நாள், ஆறு வயது மகளும் நானும் சாக்கட்டியோடு இறங்கினோம். காலை 7 மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை நிழலின் விளிம்பில் கோடு போட்டோம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிறம். மாலையில் பார்த்தால் தரை முழுக்கக் கோலம். கணக்கு தெளிவாக வந்தது. தெற்கு மதிலை ஒட்டிய பகுதிக்குக் காலை முதல் ஒரு மணி வரை ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயில். வீட்டுச் சுவரை ஒட்டிய மூன்றடிக்கு அதில் பாதிகூட இல்லை. வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மதிலோரம் தக்காளி, கத்தரி, மிளகாய். சுவரோரம் கீரை, புதினா. கச்சிதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆடியில் விதைத்து, ஆவணியில் நாற்றை மாற்றி நட்டேன். புரட்டாசியில் தக்காளி நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசியில் செடிகள் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்தன. பூ வைத்தது, வைத்த பூ உதிர்ந்தது. கத்தரி அப்படியே நின்றுவிட்டது. எரு வைத்தேன், மோர்க்கரைசல் தெளித்தேன், இரவெல்லாம் யூடியூப் பார்த்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு காபி டம்ளரோடு பின்கட்டில் நிற்கும்போதுதான் கவனித்தேன். என் தக்காளிச் செடிகள் அத்தனையும் மதிலின் நிழலில் நிற்கின்றன. வெயில் அடிப்பதோ வீட்டுச் சுவரோரம், புதினாவின் தலைமேல்.

உள்ளே போய்க் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. நைனார்பாளையம் ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே 23½ டிகிரி, தெற்கே 23½ டிகிரி போய் வருகிறது. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இந்த இரண்டு தேதிக்கும் இடைப்பட்ட நான்கு மாதம் உச்சி வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். மீதி எட்டு மாதம் தெற்கிலிருந்து அடிக்கும். மார்கழியில் சூரியன் உச்சியிலிருந்து 35 டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கும். 10 அடி மதிலின் நண்பகல் நிழல் செப்டம்பர் 23-ல் இரண்டடி. தீபாவளி சமயத்தில் ஐந்தரை அடி. டிசம்பர் 21-ல் ஏழடி. காலையில் அதைவிடக் கொஞ்சம் நீளம். ஜூனில் நிலைமை தலைகீழ். அப்போது வீட்டின் நிழல்தான் தெற்கே விழும்.

அதாவது, நான் வருஷத்தில் ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு, வருஷம் பூராவும் அதுதான் என்று நம்பிவிட்டேன். அதுவும் எட்டு மாதத்தை விட்டுவிட்டு, நான்கு மாதத்தைச் சேர்ந்த ஒரு நாளில் அளந்திருக்கிறேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "ஆடி போனா வெயில் தெக்கால சாயும். அந்த மதிலு எழும்புன நாள்லேருந்து பாக்கறேன். மார்கழியில வடாம் காய வைக்க இந்த வாசப்படிகிட்டதான் பாய் போடுவேன். வைகாசியில அந்தக் கோடியில போடுவேன்" என்றார்.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலியே. சாக்கட்டி வெச்சு அளந்துகிட்டு இருந்த. படிச்ச புள்ளை, ஏதோ கணக்கு இருக்கும்னு நெனச்சேன்."

இந்த அரங்கில் பட்டம் வாங்கிய நம் எல்லோரையும் சேர்த்துத்தான் அம்மா அப்படிச் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்று சாயந்திரமே இடம் மாற்ற முயன்றோம். வாளியில் இருந்தவை நகர்ந்தன. சாக்கில் இருந்தவை அசையவில்லை. அடுத்த வாரம் தச்சரிடம் சொல்லி, பலகைக்கு அடியில் நான்கு சிறு சக்கரம் வைத்து இரண்டு தள்ளுபலகை செய்தோம். பெரிய தொட்டிகள் அதன் மேல் ஏறின. தொட்டித் தோட்டத்துக்கு நிலத்தைவிட ஏதாவது ஒரு மேன்மை உண்டென்றால் அது இதுதான். நிலத்தில் நட்ட செடியை வெயிலுக்கு நகர்த்த முடியாது, தொட்டியை நகர்த்தலாம். இப்போது எங்கள் வீட்டில் ஆவணி பிறந்தால் வெயில் விரும்பும் தொட்டிகள் மதிலோரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுப் பக்கம் வரும். சித்திரை முடிந்தால் திரும்பிப் போகும்.

எந்தச் செடிக்கு எந்த இடம் என்பதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். பூத்துக் காய்க்க வேண்டிய செடிக்கு வெயில் அதிகம் வேண்டும். இலையையோ கிழங்கையோ மட்டும் நாம் எடுத்துக்கொள்ளும் செடிகள் பல, குறைந்த வெயிலைப் பொறுத்துக்கொள்ளும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். மிளகாய் நான்கைந்து மணி நேரத்திலும் சமாளிக்கும், காய்ப்பு கொஞ்சம் குறையும். சிறுகீரை, கொத்தமல்லி, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். புதினா, கற்பூரவள்ளி, இஞ்சி, மஞ்சள் அரை நிழலில் தாராளமாக வரும். வெற்றிலைக் கொடி நிழலைத்தான் விரும்பும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே முதன்முதலில் தொடங்குபவர்கள் தக்காளியில் கை வைக்காமல் கீரையில் தொடங்கினால் மனம் உடையாது. எண்ணிக்கையும் ஐந்து தொட்டி போதும். நான் முதல் மாதமே பதினெட்டு வைத்துப் பாதியைக் கொன்றேன்.

தண்ணீர் விஷயம் ஒரே வரியில் சொல்லலாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். நிழல் தொட்டிகள் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, நம் அக்கறையால்.

அடுக்குமாடியிலும் மொட்டை மாடியிலும் வைக்கப் போகிறவர்களுக்கு, சிவில் படித்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. ஐ.எஸ். 875 இரண்டாம் பாகப்படி, ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ எடை தாங்கும்படிதான் வடிவமைக்கிறோம். நனைந்த தொட்டி ஒன்று 30 கிலோ என்று வைத்துக்கொண்டு, ஒரு சதுர மீட்டரில் ஒன்பது தொட்டிகளை நெருக்கினால் 270 கிலோ ஆகிறது. ஆகவே தொட்டிகளைப் பரவலாக, சுவரும் உத்தரமும் உள்ள ஓரங்களில் வையுங்கள். கனத்தைக் குறைக்கவும் அந்த நார்க்கழிவுதான் துணை. பழைய கட்டடமானால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இதெல்லாம் செய்முறை. இனி ஒன்றரை ஏக்கர் கதைக்கு வருகிறேன்.

நான் இங்கே மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கொல்லை முழுக்க மரவள்ளி. 2008-ல் கோவைப் பக்கம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டு வருஷத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பார்த்ததையெல்லாம் தின்றது நினைவிருக்கலாம். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. எங்களுக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரு போக மரவள்ளி போனது, வாங்கிய கடன் நின்றது, என் கடைசி வருஷக் கட்டணமும் வந்தது. அப்பா ஒன்றரை ஏக்கரையும் விற்றார். எனக்குச் சொன்னது தேர்வு முடிந்த பிறகு. அம்மா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பின்கட்டில் தொட்டி வைத்த முதல் வருஷம் மிளகாய்ச் செடியின் தண்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் படம் எடுத்து யாருக்கு அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். முந்தானை நுனியை நனைத்து, தண்டைக் கீழிருந்து மேல்வரை துடைத்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். எறும்பு ஏறும் வழியைப் பார்த்து அங்கே சாம்பலைத் தூவினார். "மாவுப்பூச்சி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை நான் எழுந்து வரும்போது எல்லாத் தொட்டியையும் சோதித்துக்கொண்டிருந்தார்.

அவர் குனியக் கூடாதே என்று, சாரக் கட்டைகளை வைத்து இரண்டரை அடி உயரத்தில் ஒரு நீள மேடை அடித்துக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள், மேசை உயரத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு என் வரைபடம் சுவரில் இருந்ததே தவிர, எதை எங்கே வைப்பது என்று நான் முடிவு செய்யவில்லை. வேப்பமர நிழலில் வெற்றிலை வந்தது. பக்கத்துத் தெரு அத்தை வீட்டிலிருந்து வைகாசியில் வாங்கி வைத்திருந்த விரலி மஞ்சள் நான்கு வாளியில் தழைத்து நின்றது. இதற்கு ஏன் நல்ல வாளியை அடைக்கிறார் என்று நான்கூட முணுமுணுத்தேன்.

2021 தைப்பொங்கலுக்கு முதல் நாள். வழக்கப்படி சின்னசேலம் போய்க் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வரப் பையை எடுத்தேன். "கரும்பு மட்டும் வாங்கியா" என்றார் அம்மா. மறுநாள் விடியற்காலையில் வாளியைச் சாய்த்து, ஒரு மஞ்சள் செடியை வேரோடும் கிழங்கோடும் எடுத்துக் கழுவி, பானையின் கழுத்தில் தானே கட்டினார். கொல்லை போன பிறகு பத்து வருஷம் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் அது. அன்று வாங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பொங்கல் பொங்கியது, மகள் தட்டைக் கொட்டினாள். வேறு யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஒன்றரை ஏக்கர் என்பது 65,340 சதுர அடி. எங்கள் பின்கட்டு 216 சதுர அடி. முந்நூற்றில் ஒரு பங்கு. இருபத்திரண்டு தொட்டியில் யாரும் யாருக்கும் நிலத்தைத் திருப்பித் தந்துவிட முடியாது. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். முதல் வருஷச் செலவு 3,400 ரூபாய். எடுத்த கீரை, மிளகாய், புதினா எல்லாவற்றையும் சந்தை விலைக்குப் போட்டால் 1,900 ரூபாய். இரண்டாம் வருஷம்தான் செலவு குறைந்து கணக்கு நேரானது. லாபத்துக்காக யாராவது செய்வதாக இருந்தால் இப்போதே எழுந்து பந்திக்குப் போகலாம்.

ஆனால் நெருக்கடி வரும்போது சிறு இடங்களும் கணக்கில் வரும். 1991-ல் சோவியத் யூனியன் சிதறியபோது, எண்ணெயும் உரமும் வருவது நின்றுபோய்க் கியூபா நாடு திண்டாடியது. ஹவானா நகரத்தார் காலி மனைகளில் சுற்றிலும் சிறு சுவர் எழுப்பி, மண்ணும் மக்கும் நிரப்பிக் காய்கறி போட்டார்கள். அந்நாட்டில் இன்றும் அது வழக்கமாக இருக்கிறது. 2020-ல் சந்தை மூடிய நாளில் எங்கள் பின்கட்டில் ஐந்து தொட்டி கீரை ஏற்கெனவே இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

2022-ல் நான் மறுபடி சென்னைக்கு வந்துவிட்டேன். அம்மா ஊரிலேயே இருக்கிறார், வர மறுக்கிறார். "தொட்டிக்கு யார் தண்ணி ஊத்துவா?" என்பது அவர் சொல்லும் காரணம். என் கிழக்குப் பார்த்த பால்கனியில் ஆறு தொட்டி இருக்கிறது. முன்பெல்லாம் போன் செய்தால் "சாப்ட்டியா, கால் வலி எப்படி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது "அங்க வெயில் எதுவரைக்கும் வருது?" என்று கேட்கிறார். நான் சொன்னதும், எதை எங்கே நகர்த்த வேண்டும் என்று சொல்கிறார். அவர் இந்தப் பால்கனியை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. சொல்வது தவறுவதில்லை.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் கொல்லையிலிருந்தோ வயலிலிருந்தோ இந்தக் கல்லூரிக்கு வந்தவர்கள். நம் கட்டணம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். சிலருக்குத் தாமதமாகத் தெரிந்திருக்கும். ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, நானே போகவில்லை. ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். வீட்டுக்குப் போனதும் ஒரு சாக்கட்டியை எடுத்து, உங்கள் பால்கனியிலோ பின்கட்டிலோ நிழலை அளந்து பாருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளங்கள். அளப்பதற்கு முன்னால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறியதால் ஒரு போகம் தக்காளி போனது.